கிற்றார் இருவர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே ஜோர்ஜியா என்னும் மாநிலம் உள்ளது. 1939ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு சிற்றூரில், தொய்வு நோயால் வருந்திய சிறுவன் ஒருவன் இரவு வேளைகளில் வானொலிப் பெட்டியருகே செவி சாய்த்து அமர்ந்திருப்பான். பல நூறு மைல்களுக்கு அப்பால், வடக்கே சின்சினாற்றி நகரத்து நிலையமொன்றிலிருந்து மேர்ள் டிராவிஸ் என்பவர் வாசிக்கும் கிற்றார் இசை அவன் காதுக்கு எட்டும். அடியிலே தாளம் ஓடுகிறது. அதன் மேலே மெட்டு நடக்கிறது. இடையிலே சுரக்கூட்டுகள் வந்து விழுகின்றன. இத்தனையும் ஒரே மனிதரின் ஒரே கருவியிலிருந்து எழுகின்றன. எவ்வாறு? சிறுவன் சிந்தித்தான். பெருவிரலோடு வேறு மூன்று விரல்களாவது வேலை செய்தாலன்றி இவ்வோசை பிறவாது என்று முடிவு செய்தான். அம்முடிவின்படியே தன் விரல்களைப் பழக்கலானான்.

அவன் முடிவு பிழையானது. டிராவிஸ் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டுமே கொண்டு வாசித்தார். இந்த உண்மை பின்னாளில் தெரியவந்தபொழுது காலம் கடந்துவிட்டது. சிறுவனின் விரல்கள் தமக்கென வேறொரு வழியைக் கண்டுவிட்டன. கண்ணால் காணாமல் காதால் மட்டும் கற்றதனால் நேர்ந்த ஒரு தவறு, கிற்றார் வாசிப்பிலே ஒரு புதிய மரபாயிற்று. அச்சிறுவனே பின்னர் 'மிஸ்டர் கிற்றார்' என உலகத்தார் அழைத்த செற் அற்கின்ஸ். வானொலி செய்த நன்மைகளை எண்ணுவோர் இதனையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை நாட்டுப்புறத்து மக்களின் இசை. மலைச்சரிவுகளிலும் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் பருத்தி வயல்களிலும் வாழ்ந்தோர் வேலை முடிந்த மாலைகளில் வீட்டு விறாந்தையில் அமர்ந்து வாசித்ததும் பாடியதும் அதன் வேர். டிராவிஸ் பிறந்த கென்ரக்கி மாநிலத்து மூலன்பேர்க் மாவட்டமும் அத்தகைய நிலக்கரி நாடே. பெருவிரலால் தாளம் நடத்தும் முறையை அவர் மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்னும் அவ்வூர்ப் பக்கத்து இருவரிடம் கற்றார். அவர்களுக்கும் முன்னே, அந்நாட்டிலே ஊர் ஊராகச் சென்று வாசித்த கறுப்பின இசைவாணர் ஆர்ணல்ட் ஷுல்ட்ஸ் என்பவரிடம் இம்மரபின் ஊற்று இருந்தது. 1931இல் இறந்த அவரது வாசிப்பு ஒரு தட்டிலேனும் பதிவு செய்யப்படவில்லை. அவர் கைப்பழக்கம் கைமாறிக் கைமாறியே வந்திருக்கிறது.

இம்முறையின் நுட்பத்தைச் சிறிது அறிந்துகொண்டால் கேட்கும் இன்பம் இரட்டிப்பாகும். கிற்றாரில் ஆறு தந்திகள். அவற்றுள் தடித்த தந்திகள் மந்தர ஒலி தருவன. வலக்கைப் பெருவிரலில் ஒரு மீட்டுநகத்தை அணிந்து, அத்தடித்த தந்திகளுள் இரண்டினை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருப்பார் வாசிப்பவர். உள்ளங்கையின் ஓரத்தை அத்தந்திகளின் மேல் மெல்லப் பதித்துவைப்பதனால் ஒலி நீளாமல், மத்தளத்தில் விழும் அடி போல 'தும் தும்' என்று அடங்கி ஒலிக்கும். இதே வேளையில் ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளிலே மெட்டினைப் பேசும். பெருவிரல் ஒரு நொடியும் தயங்கலாகாது. மற்ற விரல்களோ தாளத்துக்கு முந்தியும் பிந்தியும் தம் விருப்பம்போல் நடக்கலாம். ஒரு கையில் இரு மனம் வேண்டும் என்பது இதன் பொருள். இக்கலையில் அற்கின்ஸ் எவ்வளவு தேர்ந்தார் என்பதற்கு ஒரு சான்று போதும். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே வடவருக்கு உரியதாய் ஒரு பாட்டும் தென்னவருக்கு உரியதாய் ஒரு பாட்டும் இருந்தன. 'யாங்கி டூடில்' என்பது ஒன்று. 'டிக்ஸி' என்பது மற்றது. அற்கின்ஸ் இவ்விரண்டு மெட்டுகளையும் ஒரே கிற்றாரில் ஒரே நேரத்தில் வாசித்தார். போரிட்ட இரு படைகளும் ஒரு மனிதரின் ஒரு கைக்குள் அணிவகுத்தன. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகே வியந்தார்கள். அந்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஒருவரே இருவராகத் தோன்றும் இக்கலையில், இரண்டாவது கிற்றார்க்காரர் ஒருவருக்கு இடம் ஏது? ஒவ்வொருவரும் தாளம், மெட்டு, சுரக்கூட்டு எனத் தாம் வல்ல அனைத்தையும் வாசிக்கப் புகுந்தால் எழுவது இசையன்று, சந்தை இரைச்சலே. ஆகவே இணைந்து வாசிக்கும் இருவரும் தம்மிடம் உள்ளதிற் பாதியை விட்டுக்கொடுத்தல் வேண்டும். எந்தப் பாதியை, எந்தக் கணத்தில், எவர் விட்டுக்கொடுப்பது என்பதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்தலும் வேண்டும். கன்ட்ரி கிற்றார் இணைகளின் விளையாட்டு முழுவதும் இத்தீர்மானத்திலேயே பிறக்கிறது.

இவ்வகை இணைகளில் முன்னோடியாக எண்ணத்தக்கவர் ஸ்பீடி வெஸ்ற், ஜிமி பிரையன்ற் என்னும் இருவர். 1950களின் முற்பகுதியில் கலிபோர்ணியாவிலே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இசைத்தட்டிலும் இவர்கள் பெயர் பெற்றனர். 'எரியும் கிற்றார்கள்' என்பது இவர்களுக்கு வழங்கிய பட்டம். பிரையன்ற் சிறு வயதில் வயலின் வாசித்தவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று மருத்துவமனையில் கிடந்த நாட்களிலே கிற்றாரின்பால் திரும்பினார். வயலின் வில்லுக்குப் பழகிய கை ஆதலால், அவர் கிற்றாரில் எழும் சுரங்கள் ஒன்றையொன்று துரத்தும் வேகத்தில் ஓடின. வெஸ்ற் வாசித்தது வேறொரு வகைக் கிற்றார்: தந்திகள் மேசை போலக் கிடையாக இருக்கும், இடக்கையிற் பிடித்த எஃகு உருளை தந்திகளின் மேல் வழுக்கிச் செல்லும், காலால் மிதிக்கும் கட்டைகள் சுருதியை ஏற்றியும் இறக்கியும் கொடுக்கும். பிரையன்ற் தம் நீண்ட ஓட்டத்தை முடித்து மூச்சு விடும் இடத்தில் வெஸ்ற் அவ்வெஃகு உருளையைத் தந்திகளின் மேல் சடாரென மோதுவார். வாணம் சீறுவது போலவும் பாத்திரக் கடை சரிந்து விழுவது போலவும் ஓர் ஓசை எழும். மறுகணமே அது பட்டுப் போல மெலிந்து மெட்டினுள் வந்து சேரும். 1954இல் வெளியான 'டூ கிற்றார்ஸ் கன்ட்ரி ஸ்ரைல்' என்னும் இவர்களது தொகுப்பை இன்று கேட்போரும் வாய்விட்டுச் சிரிக்காதிருத்தல் அரிது. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லல் வேண்டும். இவர்களின் வேகம் சிலவேளை கேட்பவரை இளைக்க வைக்கிறது. பந்தயத்தைப் பார்த்த களிப்பு உண்டு; உரையாடலைக் கேட்ட நிறைவு எப்போதும் உண்டு என்று சொல்வதற்கில்லை.

அந்நிறைவைத் தருவது செற் அற்கின்ஸும் ஜெரி ரீட்டும் சேர்ந்து வாசித்த இசை. இவ்விருவரின் விளையாட்டை உணர்வதற்கு இவர்கள் இருவரும் எத்தகையவர் என்பதை அறிதல் நன்று.

அற்கின்ஸ் 1924 யூன் 20இல் டெனசி மாநிலத்து லட்றெல் என்னும் ஊரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். பழைய கைத்துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தும் தமையனின் வேலைகளைச் செய்தும் தம் முதற் கிற்றாரைப் பெற்றார். தொய்வின் காரணமாகப் படுத்துறங்க இயலாத இரவுகளில் நாற்காலியிலே சாய்ந்தபடி, உறக்கம் வரும்வரை வாசித்துக்கொண்டிருப்பார். இளமையிலே வானொலி நிலையங்கள் பலவற்றில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்தது போலவே பலவற்றிலிருந்து நீக்கவும் பட்டார். கூச்சம் மிகுந்தவர், நாட்டுப்புற நிகழ்ச்சிகளுக்கு அவரது வாசிப்பு மிக நாகரிகமாக இருந்தது என்பதும் ஒரு குறை. 1947இல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனம் அவரை ஏற்றது. 1950இல் நாஷ்வில் நகரம் வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனத்தின் நாஷ்வில் கிளைக்குப் பொறுப்பாளராகி, பிற பாடகர்களின் தட்டுகளை உருவாக்கும் பெரும் பணியில் அமர்ந்தார். இலங்கை நேயர்கள் நெடுங்காலம் விரும்பிக் கேட்ட ஜிம் ரீவ்ஸின் பாடல்களுள் பல, 'ஹீல் ஹாவ் ரு கோ' உட்பட, அற்கின்ஸின் பொறுப்பில் உருவானவையே. அவர் பெயரை அறியாதோரும் அவர் கைத்திறனை அறியாமலே கேட்டிருக்கிறார்கள் என்க.

இவ்வாறு பதவியும் புகழும் பெற்றுவிட்ட அவரிடம் 1960களின் நடுப்பகுதியில் வந்து சேர்ந்தவர் ஜெரி ரீட். அற்லாண்டா நகரத்தவர், 1937 மார்ச் 20இல் பிறந்தவர், அற்கின்ஸைவிடப் பதின்மூன்று வயது இளையவர். இயல்பிலும் எதிர்மறை. அற்கின்ஸ் மேடையிலே அசையாது நிற்பார். முகத்திலே ஒரு சிறு முறுவல் மட்டும் தோன்றி மறையும். ரீட் பேசுவார், உரக்கச் சிரிப்பார், உடம்பு முழுவதும் ஆடும். பிற்காலத்தில் திரைப்படங்களில் நகைச்சுவை நடிகராகவும் பெயர் பெற்றார் என்பதில் வியப்பில்லை.

ரீட்டின் வலக்கை தந்திகளின் மேல் கொக்கி போல வளைந்து நிற்கும். 'த குளோ', அதாவது 'நகக்கை' என்பதே அவர் இயற்றிய புகழ்பெற்ற வாசிப்பொன்றின் பெயர். அழுத்திய தந்திகளின் ஒலியோடு அழுத்தாத வெறுந்தந்திகளின் ஒலியையும் கலந்துவிடுவதனால் அவர் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து சிந்தும். அழுத்தம் விழவேண்டும் என்று செவி காத்திருக்கும் இடத்தில் விழாது. சற்றுத் தள்ளி விழும். இந்தத் தள்ளலே அவர் நகைச்சுவையின் இரகசியம். இக்கைப்பழக்கம் எத்துணை அருமையானது என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சி. 1967இல் எல்விஸ் பிரெஸ்லி, ரீட் இயற்றிய 'கிற்றார் மான்' என்னும் பாடலை நாஷ்விலில் பதிவு செய்ய முயன்றார். அங்கே கூடியிருந்த தேர்ந்த கிற்றார்க்காரர் எவருக்கும் மூலத்தட்டில் உள்ள அந்த ஒலி கைவரவில்லை. இறுதியில், ஆற்றிலே மீன்பிடித்துக்கொண்டிருந்த ரீட்டையே தேடிப்பிடித்து அழைத்துவந்தார்கள். அவர் வந்து அமர்ந்து வாசித்த பின்னரே பாடல் எழுந்தது.

இத்தகைய ஓர் இளைஞர், தட்டு வெளியிடும் அதிகாரம் தம் கையில் உள்ள ஒரு மூத்தவர் முன்னிலையில் வந்து நின்றால் என்ன நிகழும்? மூத்தவர் பொறாமை கொள்ளலாம். அல்லது ஆதரிப்பதாகக் கூறி அடக்கி வைக்கலாம். கலையுலகில் இரண்டுமே அரிய நிகழ்ச்சிகள் அல்ல. அற்கின்ஸ் செய்தது வேறு. ரீட் இயற்றிய வாசிப்புகளை அவரிடமே கேட்டுக் கற்றுத் தம் தட்டுகளிலே சேர்த்துக்கொண்டார். 1965இல் அவருக்குப் பெரும் புகழ் தந்த 'யாக்கற்றி அக்ஸ்' என்னும் வாசிப்புக்கு விரலமைப்பு வகுப்பதில் ரீட் உதவினார் என்பதனை அற்கின்ஸே சொன்னார். விரல்வாசிப்பிலே ரீட் தம்மிலும் வல்லவர் என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இப்பணிவு வெறும் நற்பண்பு மட்டுமன்று. அவர்களுடைய இணைவாசிப்புக்கு அதுவே அடித்தளம். தோற்பதற்கு அஞ்சும் ஒருவரோடு விளையாட முடியாது. மேலதிகாரியோடு சதுரங்கம் ஆடும் எழுதுவினைஞர் எப்படி ஆடுவார் என்பதை அனைவரும் அறிவர்.

1970இல் 'மீ அன்ட் ஜெரி' என்ற தொகுப்பு வெளிவந்தது. பெயரைக் கவனிக்க: பேசுபவர் அற்கின்ஸ், 'நானும் ஜெரியும்' என்கிறார். அது கிராமி விருது பெற்றது. 1972இல் அதற்கு மறுமொழியாக 'மீ அன்ட் செற்' வந்தது. இம்முறை பேசுபவர் ரீட். தலைப்பிலேயே ஓர் உரையாடல் அமைந்துவிட்டது. முதல் தொகுப்பில், அந்நாளில் எல்லோரும் பாடிய பாடல்கள் சிலவற்றின் மெட்டுகளையும் இருவரும் அடக்கமாக வாசித்திருக்கிறார்கள். அவை இனியவை, ஆனால் அவற்றுக்கு இவ்விருவர் தேவையில்லை. இவர்கள் இன்றி இயலாதவை என்று சொல்லத்தக்கன, இரண்டாம் தொகுப்பின் தொடக்கத்தில் உள்ள 'ஜெரிஸ் பிரேக்டவுன்' போன்ற வாசிப்புகளே.

'ஜெரிஸ் பிரேக்டவுன்' மிகக் குறுகியது. தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும். அதனை ஒருமுறை மட்டும் கேட்பவருக்கு வேகம் ஒன்றே தெரியும். இரண்டு கிற்றார்களும் மாடிப்படிகளில் உருண்டு வருவது போலச் சுரங்களைக் கொட்டிக்கொண்டு இறங்குகின்றன. மறுமுறை கேட்கும்போது மேலே ஓடும் சுரங்களை விட்டுவிட்டு அடியில் நடக்கும் பெருவிரலை மட்டும் பின்தொடர்தல் வேண்டும். அப்பொழுது ஒரு புதுமை புலப்படும். மேலே அத்தனை கலகம் நிகழ்ந்தும் கீழே எவ்விதப் பதற்றமும் இல்லை. மாட்டுவண்டியின் அச்சைப் போல அது தன்பாட்டில் சுழல்கிறது. மூன்றாம் முறை இருவரும் எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பதைக் கவனிக்கலாம். ஒருவர் சென்ற வழியிலேயே மற்றவர் சிறிது மேலாகவோ கீழாகவோ ஒட்டி நடப்பதும், ஒரு கட்டத்தில் ஒருவர் விலகி மற்றவருக்குத் தாளம் மட்டும் கொடுப்பதும், கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென ஒரு குறும்புச் சொல்லை நுழைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல மீண்டும் தாளத்துக்குத் திரும்புவதும் அப்பொழுது தெளிவாகும். திண்ணையில் அமர்ந்த பழைய நண்பர் இருவர், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் சொல்லைப் பிடுங்கிக்கொள்ளும் பேச்சு அது. இவர்கள் இதனைத் தொலைக்காட்சியில் வாசித்த காட்சியும் நிலைபெற்றிருக்கிறது. அதிலே இருவர் முகங்களையும் பார்ப்பவர், கைகளைப் பார்க்க மறந்துவிடுவர்.

சொல் இல்லாத இசையில் நகைச்சுவை எங்ஙனம் பிறக்கிறது? கதையில் நகைச்சுவை எங்ஙனம் பிறக்குமோ அங்ஙனமே. கேட்பவர் ஒன்றை எதிர்பார்க்கும்படி முதலில் செய்தல் வேண்டும். பின் அதனைத் தவறவிடுதல் வேண்டும். தவறவிட்ட பின்னும் வீழாமல் நிற்றல் வேண்டும். முடிந்துவிட்டது என்று எண்ணி அவையோர் கை தட்டத் தொடங்கும் வேளையில் வாசிப்பு மறுபடியும் கிளம்புகிறது. துயரமான மெட்டொன்றின் நடுவே குழந்தைகள் பாடும் மெட்டின் இரண்டு சுரங்கள் தலைகாட்டி ஓடுகின்றன. ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் வேண்டுமென்றே தவறான விடையைச் சொல்லி, அத்தவறே சரியாகும்படி அடுத்த சுரத்தைப் போடுகிறார். எதிர்பார்ப்பைக் கட்டுவதற்கு ஒழுங்கு வேண்டும். அதனால்தான் பெருவிரல் தவறாத வாசிப்பாளருக்கே குறும்பு செய்யும் உரிமை உண்டு. தாளம் உறுதியாக இல்லாதவர் இதே குறும்பைச் செய்தால் அது பிழையாகவே கேட்கும்.

இவற்றையெல்லாம் கழைக்கூத்து என்று ஒதுக்குவோர் உளர். உயர்ந்த இசை மனத்தைக் கனியச் செய்யவேண்டும். சிரிக்க வைப்பது அதன் தொழிலன்று என்பது அவர்கள் கொள்கை. வேகத்தைக் காட்டுவதற்காகவே வாசிக்கும் இணைகளைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. அத்தகைய தட்டுகள் ஏராளம். ஆயினும், அற்கின்ஸின் வாழ்க்கையில் இவ்விளையாட்டு எவ்விடத்தில் நின்றது என்பதை நோக்கினால் அக்கொள்கை முழுவதும் பொருந்தாமை விளங்கும். 1973இல் அவருக்குக் குடலிலே புற்றுநோய் கண்டது. பல ஆண்டுகளாகப் பிறர் பாடல்களை உருவாக்கும் அலுவலில் அவர் தம்மைத் தேய்த்திருந்தார். நோயின் பின் அவர் நிர்வாகப் பொறுப்புகளை மெல்ல மெல்லப் பிறரிடம் விட்டுக் கிற்றாரிடம் திரும்பினார். திரும்பியவர் தனியே அமர்ந்து சோக கீதம் வாசிக்கவில்லை. நண்பர்களை அழைத்துவந்து எதிரே அமர்த்தி, அவர்களோடு விளையாடினார். 1974இல், இளமையில் வானொலியிற் கேட்டு வியந்த அந்த மேர்ள் டிராவிஸோடே சேர்ந்து ஒரு தொகுப்பு வாசித்தார். அதற்கும் கிராமி விருது கிடைத்தது. டிராவிஸிடம் அவருக்கிருந்த பற்று எத்தகையது என்றால், தம் மகளுக்கு மேர்ள் என்றே பெயர் சூட்டியிருந்தார்.

வீட்டிலும் அவருக்கு நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. 'ஹோமர் - ஜெத்ரோ' என்னும் நகைச்சுவைப் பாடல் இணையில் ஒருவரும் மண்டலின் வாசிப்பில் வல்லவருமான ஜெத்ரோ பேர்ண்ஸின் மனைவியும் அற்கின்ஸின் மனைவியும் இரட்டைச் சகோதரிகள்.

1976இல் வெளிவந்த 'செஸ்ரர் அன்ட் லெஸ்ரர்' என்னும் தொகுப்பு இவ்வகையில் ஒரு தனி இன்பம். அற்கின்ஸோடு அதில் வாசிப்பவர் லெஸ் போல். மின் கிற்றாரின் வளர்ச்சியிலும், ஒரே வாசிப்பாளர் தம் ஒலியையே பலமுறை அடுக்கிப் பதியும் முறையிலும் முன்னோடியாக விளங்கியவர் அவர். 1948இல் நேர்ந்த மோட்டார் விபத்திலே வலக்கை முழங்கை நொறுங்கியபோது, கிற்றாரை அணைத்துப் பிடிக்கும் கோணத்திலேயே கையை நிலைநிறுத்தும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டவர். அற்கின்ஸின் மூத்த சகோதரர் ஜிம், முன்னர் லெஸ் போலின் குழுவில் இருந்தவர். ஆகவே நட்பு பழையது. இத்தொகுப்பு பதிவானபோது லெஸ் போல் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். வாசிப்புகளுக்கு இடையே இருவரும் பேசிய பேச்சும், ஒருவர் தவறியபோது மற்றவர் செய்த கேலியும், சிரிப்பும் வெட்டி எறியப்படாமல் தட்டிலேயே விடப்பட்டன. வாய்ப்பேச்சு முடிந்து கிற்றார் தொடங்கும் இடத்தில், ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்குவதாகவே தோன்றாது. பேச்சுத்தான் கருவி மாறித் தொடர்கிறது. லெஸ் போல் துள்ளித் துள்ளி வம்புக்கு இழுப்பார். அற்கின்ஸ் ஒன்றிரண்டு சுரங்களால் விடையிறுத்து அவரை இருத்துவார். குறைவாகப் பேசுபவரே பேச்சுவன்மையில் வெல்வதும் உண்டு.

ரீட்டோடு அற்கின்ஸ் மறுபடியும் முழுத் தொகுப்பொன்றில் அமர்ந்தது 1992இல், 'ஸ்னீக்கிங் அரவுண்ட்' என்ற தட்டில். இருபது ஆண்டுகள் சென்றிருந்தன. ரீட் இடையிலே திரையுலகிற் பெரும்பொழுதைக் கழித்திருந்தார். அற்கின்ஸ் எழுபதை நெருங்கியிருந்தார். பழைய தட்டுகளையும் இதனையும் அடுத்தடுத்துக் கேட்பவர் வேறுபாட்டை உணர்வார். மாடிப்படியில் உருளும் ஓட்டம் இதில் குறைவு. சுரங்களுக்கிடையே வெற்றிடம் கூடியிருக்கிறது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் உடனே பாய்ந்து நிரப்புவதில்லை. சிறிது காத்திருந்து, பின் ஒரு சொல் சொல்கிறார். குறும்பு மட்டும் முதுமை அடையவில்லை. இதற்கும் கிராமி விருது வழங்கப்பட்டது. எனினும் விருதுக்காக அன்றி, நட்பின் ஒலிக்காகவே இதனைப் போற்றுவோர் பலர்.

அற்கின்ஸ் தம் பெயரின் பின்னால் 'சீ.ஜீ.பீ.' என்னும் மூன்று எழுத்துகளைப் பொறித்துக்கொள்வது வழக்கம். 'சான்று பெற்ற கிற்றார் வாசிப்பாளர்' என்பது அதன் விரிவு. எந்தப் பல்கலைக்கழகமும் வழங்கிய பட்டமன்று. தமக்குத் தாமே வேடிக்கையாகச் சூட்டிக்கொண்டது. பின்னர் அதனைத் தாம் மதித்த மிகச் சிலருக்கு வழங்கினார். ரீட் அவர்களுள் ஒருவர். வேடிக்கைப் பட்டம் என்றாலும் அதனைப் பெற்றோர் எவரும் அதனை வேடிக்கையாகக் கருதவில்லை.

அப்பட்டம் பெற்ற மற்றொருவர் டொமி இமானுவேல். அவுஸ்திரேலியாவில் 1955இல் பிறந்தவர். ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது அங்கே வானொலியில் அற்கின்ஸின் வாசிப்பைக் கேட்டார். டிராவிஸைக் கேட்ட ஜோர்ஜியாச் சிறுவனைப் போலவே, ஒருவர் எவ்வாறு இத்தனையையும் வாசிக்க இயலும் என்று திகைத்து, கேட்டதைக் கேட்டபடியே விரலிற் கொண்டுவர முயன்றார். பின்னர் அற்கின்ஸுக்குக் கடிதம் எழுதினார். கடல் கடந்து மறுமொழியும் வந்தது. 1980இல் நாஷ்வில் சென்று நேரிற் சந்தித்தார். 1997இல் இருவரும் சேர்ந்து வாசித்த 'த டே ஃபிங்கர் பிக்கர்ஸ் ருக் ஓவர் த வேல்ட்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. விரல்வாசிப்பாளர்கள் உலகத்தைக் கைப்பற்றிய நாள் என்பது அதன் பொருள். தலைப்பே ஒரு சிரிப்பு. அற்கின்ஸின் வாழ்நாளில் வெளியான இறுதித் தொகுப்புகளுள் அதுவும் ஒன்று. 2001 யூன் 30இல் அவர் நாஷ்விலில் காலமானார். ரீட் 2008 செப்ரெம்பர் 1இல் மறைந்தார். லெஸ் போல் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தொண்ணூற்றுநான்காம் வயதில் மறைந்தார்.

1997ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்கும்போது, இளையவர் பாய்ந்து பாய்ந்து ஓடுவதும் எழுபத்திரண்டு வயது கடந்த மூத்தவர் அடியிலே பெருவிரலால் தாளத்தைத் தாங்கி நிற்பதும் செவிக்கு நன்கு விளங்கும். அத்தாளத்தின் நடுவே, இளையவர் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், மூத்தவர் ஒரு சிறு சுரத்தை நுழைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.